ஜெயக்கொடி டீச்சருக்குப் பொறுமை கிடையாது

செய்தி ஒரு படமாக வந்தது. தேவதானப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு விழுந்து, சாம்பார் வாளி பக்கத்து இலைக்கு வந்திருந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர் குழுவில் தலைமையாசிரியர் ஒரு படம் போட்டிருந்தார். சுற்றிலும் ரோஜாப்பூ, மூலையில் எரிகிற விளக்கு, நடுவில் ஜெயக்கொடி டீச்சரின் ஆதார் அட்டைப் படம். கீழே கொட்டை எழுத்தில் ‘பொறுமையின் சிகரம் சாய்ந்தது’ என்று இருந்தது. முகத்தைப் பார்த்ததும் சாம்பார் வாளியைக் கைகாட்டி அனுப்பிவிட்டேன். அந்த வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சாவுச் செய்தி கேட்ட நிமிடத்திலேயே கோபம் வந்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். இலையை மூடிவிட்டு எழுந்து பஸ் ஏறினேன்.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேனி மாவட்டத்து ஆசிரியர் குழுக்கள் அத்தனையிலும் அது சுற்றியது. அதன் கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள். உங்களில் அவரோடு வேலை பார்த்தவர்கள் உண்டு, பயிற்சியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு, ஒருமுறையாவது அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் கட்டாயம் உண்டு. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், ஜெயக்கொடி டீச்சருக்குப் பொறுமை இருந்ததா? அந்தப் படத்தைச் செய்த இலவசக் கருவியைத் தலைமையாசிரியருக்குச் சொல்லிக்கொடுத்ததே டீச்சர்தான். சொல்லிக்கொடுத்த அந்த அரை மணி நேரத்தில் அவர் எத்தனை தடவை பல்லைக் கடித்தார் என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

அவர் அறிவியல் ஆசிரியர். நான் அதே பள்ளியில் தமிழாசிரியர். இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளையே பேசவைத்து அவர் செய்துவைத்துவிட்டுப் போன வீடியோ பாடங்களிலிருந்து அந்தப் பிள்ளைகளின் குரலை எடுக்கப்போகிறார்கள். அதற்கு அஞ்சலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை என் தலையில் கட்டியும் இருக்கிறார்கள். ஆகவே அடக்க ஒடுக்கமான இரங்கல் கட்டுரையை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சின்னமனூரில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். நெஞ்சுவலி என்று தேனிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். மயிலாடும்பாறையிலிருந்து பிறந்த வீட்டு ஆட்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நம் ஆட்களின் பேச்சு காதில் விழுந்தது. “கோவந்தான் கொன்னுபோட்டது. பிபி இருக்கு, கோவப்படக் கூடாதுன்னு டாக்டரு அப்பவே சொன்னாகளாம். கேட்டாகளா?” என்றார் ஒருவர். “அந்த லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு அலைஞ்சதுல என்ன கண்டாக?” என்றார் இன்னொருவர். கையில் இருந்த போனில் பொறுமையின் சிகரம், வாயில் கோபத்தால் செத்தவர். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

உண்மை பேசியவர் டீச்சரின் வீட்டுக்காரர் ஒருவர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோவக்காரிதான் ஐயா. ஆனா லேப்டாப்ப வையிறதுக்கே அவளுக்கு நேரம் சரியாப் போகும். என்னையும் கொஞ்சம் வையி தாயின்னு நானே கேட்டிருக்கேன்” என்றார். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எங்கள் பள்ளி சின்னமனூரிலிருந்து கம்பம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பிள்ளைகளில் சிலர் வயலும் திராட்சைப் பந்தலும் பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மற்ற பலரின் அம்மாக்கள் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். பள்ளிக்குக் கணினி அறை வந்தது. திரையும் புரொஜெக்டரும் வந்தன. புது மோகத்தில் எல்லோரும் படம் போட்டோம். ஜெயக்கொடி டீச்சரும் எட்டாம் வகுப்புக்குத் தாவரங்களைப் பற்றி இணையத்தில் கிடைத்த ஒன்றைப் போட்டார். ஒரு கார்ட்டூன் செடி துள்ளிக் குதித்து வந்து, விளம்பரக் குரலில் “ஹாய் குட்டீஸ்” என்றது.

பவித்ரா என்கிற பிள்ளை எழுந்து நின்றாள். “டீச்சர், இவுக யாரு? நம்ம ஊருச் செடி இப்பிடியா பேசும்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. புரொஜெக்டரை அணைத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “எவனோ எங்கனயோ உக்காந்து பேசுறத நம்ம பிள்ளைக வாயப் பொளந்து பாக்கணுமா ஐயா? அவுகளுக்கு வாய் இல்லையா?” என்றார். மேசையில் இருந்த என் தேநீர் சிந்தியது. அதைக் கவனிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இணையத்தில் சும்மா கிடைக்கிற கருவிகளை ஒன்றுவிடாமல் கிண்ட ஆரம்பித்தார். படத்தை அசைய வைப்பது, குரலைப் பதிந்து வெட்டி ஒட்டுவது, வரைபடத்தில் நம் ஊரைக் குறிப்பது, வினாடி வினா செய்வது என்று எதையும் விடவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். புரியாத சொல்லை எங்கள் ஆங்கில ஆசிரியரிடம் கேட்பார். அவருக்கும் புரியாவிட்டால் அவருக்கும் திட்டு விழும். சத்துணவுக் கூடத்தின் பின்சுவர் ஓரம்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து ஏசிக்கொண்டிருப்பார். சமையல் செய்கிற அம்மா உள்ளேயிருந்து, “யாரை டீச்சர் வையிறீக?” என்று குரல் கொடுப்பார். “அமெரிக்காக்காரன!” என்று இங்கிருந்து பதில் போகும்.

ஒரு கருவியை வகுப்புக்குள் விடுவதற்கு முன்னால் அவர் சிலவற்றைப் பார்ப்பார். கார்டு நம்பர் கேட்கிறதா, பிள்ளைகள் வரைந்த படத்தின் மேல் தன் பெயரை ஒட்டுகிறதா, செய்து முடித்ததை நாம் இறக்கி எடுத்துக்கொள்ள விடுகிறதா என்று பார்ப்பார். கடைசிக் கேள்வியில் தோற்ற கருவியை அவர் தொடவே மாட்டார். “சும்மா குடுக்கிறவன் கதவத் திறந்து வச்சிருக்கான், அம்புட்டுத்தான். அவன் சாத்துறதுக்குள்ள நம்மளுத நாம எடுத்துட்டு வந்திரணும்” என்பார். தேனியில் ஒரு பயிற்சியில் இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். பிறகு ஒருநாள், பலரும் ஆசையாகப் பயன்படுத்திய ஒரு தளம் இலவசத்தை நிறுத்திவிட்டது. சிரித்தவர்களின் பாடங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. எங்களுடையது ஒன்றுகூடப் போகவில்லை. அதற்காக அவர் மகிழ்ந்தார் என்றா நினைக்கிறீர்கள்? அன்று முழுக்கக் கொதித்தார். “பிள்ளைகளப் பழக்கிவிட்டுட்டுச் சாத்துறான் பாருங்க. நாளைக்கி அவுக கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். மறுநாள் வேறொரு கருவியைப் பிடித்து முதலிலிருந்து கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

முதலில் உருப்படியாக வந்த பாடம் சவ்வூடு பரவல். மெல்லிய தோலின் வழியாகத் தண்ணீர் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் போவதைப் பற்றிய பாடம் அது. புத்தகத்தில் உருளைக்கிழங்கும் உப்புத் தண்ணீரும் இருக்கும். பவித்ராவின் அப்பா திராட்சைப் பந்தலைக் குத்தகைக்குப் பார்க்கிறவர். பழுத்த நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துப்போகும் என்பது அவள் வீட்டில் எல்லோரும் வயிறெரிந்து பார்த்த சங்கதி. டீச்சர் தன் போனை அவளிடம் கொடுத்து, மழை விட்டதும் பந்தலுக்கடியில் நின்று படம் எடுத்துவரச் சொன்னார். படங்களை அடுக்கி அசைய வைத்தார்கள். பவித்ரா பேசினாள்.

“பழத்துக்குள்ள சீனி நெறைய இருக்கு. வெளிய மழத்தண்ணி சும்மா இருக்கு. அது தோலு வழியாப் பூந்து பூந்து உள்ள போகும். தோலு எம்புட்டுத்தான் தாங்கும்? வெடிச்சிரும். எங்கப்பா வானத்த வைவாக. வானம் என்ன செய்யும்? சவ்வூடு பரவலத்தான் வையணும்.”

கடைசி வரியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி நின்ற பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பை வெட்டிவிட்டு இன்னொரு தடவை பதியலாமா என்று கேட்டேன். டீச்சர் என்னை முறைத்தார். “எதுக்கு? சிரிச்சா பாடம் கெட்டுப்போகுமா?” என்றார். நான் தமிழாசிரியன் என்பதால் என்னிடம் முன்கூட்டியே ஒரு சண்டையும் போட்டார். “ஐயா, புத்தகம் எழுத்துத் தமிழ்ல இருக்கு. பரீட்சையும் அதுலதான் எழுதப்போறாக. அத நீங்க பாத்துக்கிருங்க. புரியிற எடம் மட்டும் அவுக வாயாலயே இருக்கட்டும்.” நான் மறுக்கவே இல்லை. மறுக்காத ஆளிடமும் சண்டை போட அவரால்தான் முடியும்.

பாடங்கள் வகுப்புக் குழு வழியாக அம்மாக்களின் போனுக்குப் போயின. இதை அவரும் திட்டமிடவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. மலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் தூங்குகிற பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். மாலையில் அலுப்போடு வந்து உலை வைப்பார்கள். பிள்ளை பள்ளியில் என்ன பேசுகிறது, எப்படிப் பேசுகிறது என்று அவர்கள் பார்த்ததே கிடையாது. செல்வி என்கிற அம்மாவின் மகள் ஹரிணி பேசிய பாடம் ஒன்றை, ஜீப் ஓட்டுகிற பாண்டி வண்டி ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுப் போட்டாராம். அதிலிருந்து ஜீப்பில் பாடம் கேட்பது வழக்கமாகிப்போனது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்துவிடும். அதற்குள் பாடம் முழுதாகப் போனில் இறங்கியிருக்க வேண்டும். வேரைப் பற்றிய ஹரிணியின் பாடம் கொஞ்சம் நீளம். “தண்ணி ஒரு பக்கம் இருந்து, இன்னொரு பக்கம் இல்லைன்னா, வேரு என்ன செய்யும்னா...” என்கிற இடத்தில் நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று முழுவதும் ஏலச்செடிகளுக்குள் குனிந்து காய் எடுத்தபடியே அம்மாக்கள் வாதாடியிருக்கிறார்கள். வேர் கருகிவிடும் என்று ஒருவர், பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒருவர், தண்ணீரைத் தேடிப் போகும் என்று செல்வி. மாலையில் ஜீப் வீடுகளுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கு வந்து நின்றது. டீச்சர் பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தலையில் கட்டிய துண்டோடு செல்வி இறங்கி வந்து, “டீச்சர், வேரு என்னதான் செய்யும்? நீங்களே சொல்லிருங்க, இவளுக கூட மாரடிக்க முடியல” என்றார்.

டீச்சர் சொல்லவில்லை. வீட்டிலிருந்து ஹரிணியைக் கூப்பிட்டுவரச் செய்தார். அந்தப் பிள்ளை பள்ளி வாசலில் நின்று, ஈரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக வேர் வளைந்து போகும் என்று மிச்சப் பாடத்தைத் தன் அம்மாவுக்கும் ஜீப்பில் இருந்த அத்தனை பேருக்கும் சொன்னாள். செல்வி மற்றவர்கள் பக்கம் திரும்பி, “நாஞ் சொன்னேன்ல?” என்றார். மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். தலைமையாசிரியருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. “நல்லாருக்கே டீச்சர், தெனமும் இப்பிடிப் பாதியில நிறுத்தி அனுப்புங்க. சீரியல் மாதிரி காத்துக்கிட்டு இருப்பாக” என்றார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “மலையேறிக் கூலிக்குப் போறவுக சார். அவுக பொழப்பு நமக்கு சீரியலா? பாதியில நின்னது என் தப்பு” என்றார். அடுத்த சனிக்கிழமை அதே ஜீப்பில் ஏறி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் சிக்னல் அறுகிறது என்று தானே பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் பள்ளியின் அறிவியல் பாடம் எவ்வளவு நீளம் என்பதை லோயர் கேம்ப்தான் முடிவு செய்தது.

இப்போது எனக்குக் கசக்கிற இடத்துக்கு வருகிறேன். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். பவித்ராவின் திராட்சைப் பாடத்தை ஓடவிட்டுக் கேட்டார். “என்னம்மா இது, வையணும், பூந்து பூந்துன்னு? கொச்சையா இருக்கே. பிள்ளைகள் மொழி கெட்டுப்போகாதா?” என்றார். பவித்ரா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். “சார், என் வேலையில தப்பு இருந்தா என்னைய வையுங்க, கேட்டுக்கிறேன். பிள்ளைக வாய வையாதீக. அதுவும் அவ காது கேக்க வையாதீக” என்றார். அடுத்த வாரம் வகுப்பறையில் செல்போன் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு அவருக்குத் தாள் வந்தது.

அனுப்பியது எந்த அலுவலகம் என்று நினைக்கிறீர்கள்? வருகைப் பதிவைப் போனில் ஏற்று, சத்துணவு சாப்பிட்டவர் எத்தனை பேர் என்று போனில் ஏற்று, பிள்ளைகளின் செருப்பு அளவைப் போனில் ஏற்று, ஏற்றிவிட்டதைப் படம் பிடித்து அதையும் போனில் ஏற்று என்று நம் வகுப்பு நேரத்தில் பாதியைத் தின்கிற அதே அலுவலகம். பிள்ளையின் கால் அளவைப் போனில் ஏற்றலாம். பிள்ளையின் குரலை ஏற்றினால் விளக்கம் கேட்பார்கள். அன்று ஆசிரியர் அறையில் அவருக்குக் கிடைத்த ஆறுதல் என்ன தெரியுமா? “எதுக்கு டீச்சர் வம்பு, பொறுமையாப் போங்க” என்பதுதான். பொறுமை என்பது அவருக்கு இவர்கள் சொன்ன புத்திமதி. அவர் ஒருநாளும் கேட்காத புத்திமதி. செத்த பிறகு அதையே பட்டமாகச் சூட்டிவிட்டார்கள். அவர் எழுந்து வந்து மறுக்க முடியாது என்கிற தைரியம்தான்.

அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவர் என்னிடம் சொன்னார். “கோவம் வரலைன்னா நமக்கு அது பழகிப்போச்சுன்னு அர்த்தம் ஐயா. எனக்கு எதுவும் பழகிரக் கூடாது.” பேருக்குக் கோபப்படுகிறவர் இல்லை அவர். உடம்பு நோகக் கோபப்பட்டார்.

அந்தக் கோபத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பிள்ளைகள் மேல் அது பாயாது. ஒரு பிள்ளை தவறாகச் சொன்னால் மறுபடி சொல்லச் சொல்வார், அதற்கும் தவறினால் மறுபடி, குரல் உயராமல் கேட்டுக்கொண்டே இருப்பார். அதைப் பொறுமை என்று சொல்வீர்களானால் சொல்லிக்கொள்ளுங்கள். இருந்ததை எல்லாம் அவர் அங்கே செலவழித்துவிட்டார். வெளியே நமக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நமக்கு எதை வைத்திருந்தார் என்பதைத் தேனிப் பயிற்சியில் பார்த்தோமே. விளக்கம் கேட்ட அலுவலகமே சில மாதம் கழித்து அவரைப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டது. குரல் பதிவை வெட்டி ஒட்டுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உங்களில் ஒருவர் எழுந்து, “டீச்சர், இதுக்குச் சான்றிதழ் உண்டா?” என்று கேட்டார். டீச்சர் மைக்கைக் கீழே வைத்தார். “சான்றிதழ் பக்கத்து அறையில குடுக்கிறாகளாம். வேணுங்கிறவுக அங்கன போங்க. பாடம் செய்யணும்ங்கிறவுக இங்கன முன்னாடி வாங்க” என்றார். அறை பெரும்பாலும் காலியானது. முன்னால் வந்து உட்கார்ந்த சிலருக்கு அவர் சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொடுத்தார். எழுந்து போனவர்கள்தான் ரோஜாப்பூ படத்தை முதலில் பகிர்ந்தவர்கள்.

போன வாரம் எங்கள் பள்ளியில் நினைவேந்தல் கூட்டம் நடந்தது. பெரிதாக்கிய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பவித்ராவைத் தலைகுனிய வைத்த அதே அதிகாரி இப்போது இன்னும் மேலே போயிருக்கிறார். அவர்தான் தலைமை. ஜீப் அன்று மலைக்குப் போகவில்லை. அம்மாக்கள் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி பேச்சின் நடுவில், டீச்சரின் பாடங்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் போகும் என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். தொடர்ந்து, குரல்கள் மட்டும் தரமாக மாற்றப்படும் என்றார். சென்னையில் பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவாராம். மொழியைத் திருத்திக்கொடுக்கும் பொறுப்பை டீச்சரின் நண்பரான தமிழாசிரியரிடம் ஒப்படைக்கிறோம் என்று சொல்லி, என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். மறுபடியும் கைதட்டல்.

அப்போது செல்வி எழுந்தார். “ஐயா, அப்ப எம்பிள்ள குரல எடுத்துருவீகளா?” என்று கேட்டார்.

அதிகாரி மைக்கில் கனிவாகவே பதில் சொன்னார். “பாடம் அப்படியேதான் இருக்கும்மா. குரல் மட்டும்தான்.”

“பாடத்த நான் எதுக்குங்க கேக்கப்போறேன்? எம்பிள்ள பேசுதுன்னுதான கேக்கேன்.”

நான் பவித்ராவைத் தேடினேன். இப்போது அவள் பத்தாம் வகுப்பு. வளர்ந்துவிட்டாள். அன்று குனிந்த மாதிரியே குனிந்துகொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து, “நான் திருத்த மாட்டேன்” என்றேன். அதிகாரி என் காதருகே குனிந்து, “ஐயா, இது அவங்களுக்குச் செய்யிற மரியாதை. பொறுமையா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. “தப்பு இருந்தாத்தான சார் திருத்துறதுக்கு? நான் தமிழ் வாத்தியார். தப்பு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். இதுல இல்ல” என்றேன். பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். நான் அதை வீசி எறிந்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஜெயக்கொடி டீச்சராக இருந்தால் எறிந்திருப்பார்.

மறுநாள் பள்ளியின் இணையப் பக்கத்திலிருந்து பாடங்கள் மறைந்துவிட்டன. மேம்படுத்தப்படுகிறது என்று ஒரு வரி தொங்குகிறது. பிரதிகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன, அம்மாக்களின் போன்களிலும் இருக்கின்றன. ஆனால் எல்லாப் பள்ளிகளுக்கும் போகப்போவது அந்தச் சென்னைக் குரல்தான். போடியிலும் பெரியகுளத்திலும் படிக்கிற பிள்ளைக்கு, தன்னைப் போலவே பேசுகிற ஒரு பிள்ளை அறிவியல் சொன்னது தெரியாமலே போகும்.

அன்று மதியம் பவித்ரா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். “ஐயா, நான் நல்லாப் பேசுனா டீச்சரு பாடத்த எடுக்க மாட்டாகளா? சொல்லிக் குடுங்கய்யா, டிவில பேசுறவுக மாதிரியே பேசிக்காட்டுறேன்” என்றாள். “நீ பேசுனதுல ஒரு குறையும் இல்ல ஆத்தா” என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இதைக் கேட்க ஜெயக்கொடி டீச்சர் உயிரோடு இல்லையே என்று, அவர் போனபிறகு முதல்முறையாக நிம்மதிப்பட்டேன். நிம்மதிப்பட்டதற்காகவும் கோபம் வந்தது. ஒரு பிள்ளைக்குத் தன் வாயே தப்பு என்று தோன்றவைத்துவிட்டு, அதற்கு மேல் மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி, கைதட்டியிருக்கிறோம். இதை எந்தக் கருவியால் வெட்டி ஒட்டுவது?

மேடையில் நடந்துகொண்டதற்கு எனக்கும் விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. நேற்று பதில் எழுதினேன். அந்தப் பாடங்களில் திருத்துவதற்கு எதுவும் இல்லை என்றும், பிள்ளைகளின் குரலை நீக்கும் வேலையை நான் செய்ய மாட்டேன் என்றும், அந்தக் குரல்களை நீக்கினால் ஜெயக்கொடி டீச்சரின் பெயரையும் சேர்த்து நீக்கிவிட வேண்டும் என்றும் எழுதினேன்.

அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. அவரோடு சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம்கூடக் கிடையாது. பழகிப்போகாமல் இருக்கிற அந்தக் கோபத்தில் ஒரு பங்கு மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். கடைசியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறைப்பேன். நேற்று என் கடிதத்தில் அது வரவேண்டிய இடத்தை வெறுமனே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.